உங்கள் மோசமான அடிக்கு ஏற்ற மைதானம் எது?

கேள்வி: வட கரோலினாவின் சார்லட் நகரில் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். கோல்ஃப் ஆடத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஸ்கோர், அதாவது ஒரு சுற்றை முடிக்க ஆகும் அடிகள், பெரும்பாலும் 105-க்கும் 112-க்கும் நடுவிலேயே நிற்கிறது. மிக நீளமாக அடிக்கும் மட்டையான டிரைவரில் 210 கெஜம் அடிப்பேன். ஜூலை கடைசியில் மனைவி, 12 வயது மகள், 6 வயது மகனுடன் தென் கரோலினாவின் மிர்ட்டில் பீச்சுக்குப் போகிறோம். நார்த் மிர்ட்டில் பீச்சில் வீடு எடுத்தாகிவிட்டது. இரண்டு நண்பர்களின் குடும்பங்களும் உடன் வருகின்றன. ஐந்து நாட்களில் இரண்டு காலைகளை எனக்கு ஒதுக்க மனைவி சம்மதித்திருக்கிறார். கடலைப் பார்த்தபடி ஆட வேண்டும் என்பது என் ஆசை. டூன்ஸ் கிளப்பில் ஆடியே தீர வேண்டும் என்கிறார் ஒரு நண்பர். மூன்று ஆட்டத்துக்குப் பணம் கட்டினால் நான்காவது இலவசம் என்ற சலுகையை வாங்கி, நாளுக்கு இரண்டு மைதானம் ஆடிவிடலாம் என்கிறார் இன்னொருவர். எங்கே ஆடுவது?

பதில்: கடல் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். விளம்பரப் படங்கள் உங்களை ஏமாற்றியிருப்பது அங்கேதான். லிட்டில் ரிவரிலிருந்து ஜார்ஜ்டவுன் வரை சுமார் 60 மைல் நீளும் இந்தக் கரையைக் கிராண்ட் ஸ்ட்ராண்ட் என்கிறார்கள். 1927-இல் பைன் லேக்ஸ் என்ற ஒரே மைதானத்தோடு தொடங்கிய ஊர், இன்று எண்பதுக்கும் மேற்பட்ட மைதானங்களை வைத்திருக்கிறது. ஆனால் அவற்றில் அட்லாண்டிக் கடல் கண்ணில் படும் இடங்கள் மிகச் சொற்பம். அலை மோதும் கரையை ஹோட்டல்களும் அடுக்குமாடிகளும் எப்போதோ எடுத்துக்கொண்டன. மைதானங்களுக்குக் கிடைத்தவை பைன் காடுகளும், பழைய நெல் வயல்களும், உள்நாட்டு நீர்வழிக் கால்வாயின் கரைகளும், ஓதம் ஏறி இறங்கும் உப்புச் சதுப்புகளும்தான். அவற்றின் அழகுக்கும் குறைவில்லை. கடல் வேண்டுமென்றால் மாலையில் குடும்பத்தோடு மணலில் உட்கார்ந்து பாருங்கள், கட்டணம் கிடையாது.

கடலோரமாகவே ஆட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், தெற்கே சார்ல்ஸ்டனையும் தாண்டி கியாவா தீவின் ஓஷன் கோர்ஸுக்குப் போக வேண்டும். அமெரிக்க, ஐரோப்பிய அணிகள் மோதும் ரைடர் கோப்பையின் 1991 போட்டிக்காக பீட் டை வடிவமைத்த மைதானம் அது. பத்துக் குழிகள் கடலை ஒட்டியே ஓடுகின்றன. மணல் மேடுகளுக்குப் பின்னால் பதுங்கியிருக்க வேண்டிய ஃபேர்வேக்களை (பந்தை அடித்துச் செல்லும் புல்பாதைகளை) உயர்த்திக் கட்டினால் எல்லா இடத்திலிருந்தும் கடல் தெரியுமே என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி ஆலிஸ் டை. யோசனை நல்லதுதான், ஆனால் உயர்த்தியதால் காற்றுக்கும் வழி திறந்துவிட்டது. 2021-இல் ஃபில் மிக்கெல்சன் 50 வயதில் பிஜிஏ சாம்பியன்ஷிப் வென்றது அங்கேதான். வடக்கிலிருந்து காற்று அடிக்கும் நாளில் ஏழாம் எண் இரும்பால் அடிக்க வேண்டிய தூரத்துக்கு ஃபேர்வே வுட் என்ற நீண்ட தூர மட்டையை எடுக்க வேண்டியிருக்கும். ஸ்கோர் 110 எடுக்கும் ஒருவர் அங்கே விடுமுறை நாளைக் கழிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பணமும் போகும், பந்துகளும் போகும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மைதானம் தேடும் எல்லோரும் தங்கள் சிறந்த அடியை மனத்தில் வைத்துத் தேடுகிறார்கள். நீங்களும் 210 கெஜம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 210, பந்து தரையில் உருண்டதையும் சேர்த்த கணக்கு, அதுவும் சரியாகப் பட்ட நாளின் கணக்கு. ஜூலையில் கரோலினா கடற்கரையில் ஃபேர்வே பெரும்பாலும் ஈரமாக இருக்கும், பந்து அதிகம் உருளாது. காற்றில் பறக்கும் தூரம் 190 இருந்தால் பெரிது. பந்தின் மேல் முனையில் பட்டுத் தெறிக்கும் அடி எவ்வளவு போகும்? 120? 130? அப்படிப்பட்ட அடி ஒரு சுற்றில் உங்களுக்கு எத்தனை வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். மைதானத்தை அந்த அடியை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது மொத்த நீளம் மட்டுமல்ல. டீயிலிருந்தோ (ஒவ்வொரு குழியிலும் முதல் அடி அடிக்கும் இடம், கிட்டவும் தள்ளியுமாகப் பல இருக்கும்) ஃபேர்வேயிலிருந்தோ, நீரையோ சதுப்பையோ பந்து பறந்தே தாண்ட வேண்டிய இடங்கள் எத்தனை, அவற்றின் தூரம் என்ன என்பதுதான் முக்கியம். உருட்டிக்கொண்டு போக வழியுள்ள குழியில் மோசமான அடிக்குத் தண்டனை சிறியது: அடுத்த அடி கொஞ்சம் நீளமாகும், அவ்வளவுதான். பறந்தே தீர வேண்டிய குழியில் அதே அடிக்கு ஒரு பந்து, ஒரு தண்டனை அடி, கூடவே பாதி மனநிம்மதியும் போய்விடும். மிர்ட்டில் பீச்சில் சதுப்போ குளமோ இல்லாத மைதானம் அரிது. ஆகவே முன்பதிவு செய்வதற்கு முன் மைதானத்தின் புரோ ஷாப்புக்குத் தொலைபேசியில் பேசி, “இந்த டீயிலிருந்து ஆடினால் பறந்து தாண்ட வேண்டிய மிக நீண்ட தூரம் எவ்வளவு?” என்று கேளுங்கள். நாள்தோறும் அதே மைதானத்தில் நிற்பவர்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். 150-ஐத் தாண்டினால் வேறு டீ இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் வேறு மைதானம் பாருங்கள்.

டீ என்றதும் இன்னொன்று. எந்த டீயிலிருந்து ஆடுவது என்பதற்கு அமெரிக்கக் கோல்ஃப் சங்கமும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் சங்கமும் 2011-இல் ஒரு கணக்கு வெளியிட்டன. டிரைவரில் 200 கெஜம் போகிறவருக்கு 5,200 முதல் 5,400 கெஜம் வரை நீளமுள்ள மைதானம். 225 போகிறவருக்கு 5,800 முதல் 6,000. உங்களுக்கு இடைப்பட்டது, அதாவது 5,500 கெஜத்தை ஒட்டிய டீ. உங்கள் நண்பர்கள் 6,300-க்கு இழுப்பார்கள். இழுக்கட்டும். ஒரே குழுவில் ஒவ்வொருவரும் வெவ்வேறு டீயிலிருந்து ஆடலாம், அதற்குத் தடையே கிடையாது. முன் டீ பெண்களுக்கு, பின் டீ ஆண்களுக்கு என்ற பழைய எண்ணத்தைச் சார்லட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஸ்கோர் அட்டையில் ஒவ்வொரு டீக்கும் எதிரே ஸ்லோப் என்று ஓர் எண் இருக்கும். 55-இலிருந்து 155 வரை போகும் அளவு அது, 113 நடுநிலை. உங்களைப் போன்ற ஆட்டக்காரரை அந்த டீ எவ்வளவு அலைக்கழிக்கும் என்பதன் குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 130-ஐத் தாண்டிய டீ உங்களுக்கு இப்போது வேண்டாம்.

டூன்ஸ் கிளப்பைப் பற்றி: ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ் 1940-களின் இறுதியில் அமைத்த மைதானம். இந்த ஊரில் கிளப்ஹவுஸிலிருந்து கடலைப் பார்க்கக்கூடிய அபூர்வ இடம் அது, அந்த வகையில் உங்கள் நண்பரின் ஆசையில் நியாயம் இருக்கிறது. 2024 முதல் பிஜிஏ டூர் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரின் மிர்ட்டில் பீச் கிளாசிக் போட்டி மே மாதத்தில் அங்கே நடக்கிறது. ஆனால் அது உறுப்பினர்களின் கிளப். வெளியார் பெரும்பாலும் அதோடு ஒப்பந்தமுள்ள ஹோட்டல்களில் தங்கினால்தான் ஆட முடியும். நீங்கள் தனி வீடு எடுத்துவிட்டதால் வாசலிலேயே சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல் பதின்மூன்றாம் குழி. வாட்டர்லூ என்று பெயர், பார் 5, அதாவது ஐந்து அடிகளில் முடிக்க வேண்டிய குழி. ஓர் ஏரியைச் சுற்றி வலப்பக்கம் ஏறத்தாழ செங்கோணமாக வளைகிறது. இரண்டாம் அடியில் ஏரியை எவ்வளவு குறுக்கே வெட்டுவது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும். வலப்பக்கம் வளைத்து அடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, அதாவது ஸ்கோர் 110 எடுக்கும் பெரும்பாலானவர்களுக்கு, ஏரி பந்தைக் கையேந்தி வாங்கிக்கொள்ளும். நூறுக்குக் கீழே நிலையாக ஆடத் தொடங்கிய பிறகு போங்கள். அதுவரை மே மாதத்தில் டிக்கெட் வாங்கிப் போய், அந்தக் குழியில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று நின்று பாருங்கள். அது நல்ல பாடம்.

நாளுக்கு இரண்டு மைதானம் என்ற யோசனையை நாசூக்காக மறுத்துவிடுங்கள். ஜூலை கடைசியில் பத்து மணிக்கே சட்டை பிழியலாம். பிற்பகலில் இடி மழை வருவது அங்கே சாதாரணம். ஒரு சுற்றுக்கு நாலரை மணி நேரம் பிடிக்கும். இரண்டாவது சுற்றின் ஆறாவது குழியில் மழைக்கொட்டகையில் நின்றபடி ‘இலவசம்’ என்ற சொல்லை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். தவிர, மனைவி தந்தது இரண்டு காலைகள், இரண்டு பகல்கள் அல்ல.

என் பரிந்துரை இரண்டே மைதானங்கள்.

முதல் காலை, நீங்கள் தங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே உள்ள பேர்ஃபுட் ரிசார்ட். அங்கே 2000-இல் ஒரே சமயத்தில் திறந்த நான்கு மைதானங்கள் இருக்கின்றன, நான்கும் நான்கு பேர் வடிவமைத்தவை: டேவிஸ் லவ், கிரெக் நார்மன், டாம் ஃபாஸியோ, பீட் டை. நார்மனுடையதில் சில குழிகள் நீர்வழிக் கால்வாயை ஒட்டி ஓடுகின்றன, படம் எடுக்க நன்றாக இருக்கும். டை வடிவமைத்தது கடினம். நீங்கள் லவ் மைதானத்துக்குப் போங்கள். ஃபேர்வே அகலம். குழி இருக்கும் மென்புல் பரப்பான கிரீனைச் சுற்றி உயரமான புல்லுக்குப் பதிலாகப் பல இடங்களில் குட்டையாக வெட்டிய புல்தான், அதனால் கிரீனைத் தவறவிட்ட பந்தைப் பட்டர் என்ற உருட்டும் மட்டையாலேயே மீட்கலாம். உங்கள் நிலைக்கு இது பெரிய கொடை. முதல் ஒன்பது குழிகளில் பழைய தோட்ட மாளிகையின் இடிபாடுகள் போலச் செங்கல் சுவர்கள் நிற்கும். அவை பழமை அல்ல, மைதானத்துக்காகவே கட்டியவை. எனக்கு அதில் அவ்வளவு ரசனை இல்லை, ஆனால் உங்கள் நண்பர்கள் நின்று படம் எடுப்பார்கள், அந்த நேரத்தில் நீங்கள் மூச்சு வாங்கலாம்.

இரண்டாவது காலை, தெற்கே பாலிஸ் தீவின் கலிடோனியா. நார்த் மிர்ட்டில் பீச்சிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சனிக்கிழமை என்றால் 17-ஆம் எண் நெடுஞ்சாலையில் இன்னும் கூடும். வாடகை வீடுகள் கைமாறும் நாள் அது. ஆகவே வார நாளில் போங்கள். இவ்வளவு தூரம் உங்களை ஏன் அனுப்புகிறேன் என்றால், இந்தக் கரையில் ஒரே ஒரு மைதானத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும் என்பதால்தான். மைக் ஸ்ட்ரான்ட்ஸ் தனித்து வடிவமைத்த முதல் மைதானம், 1994-இல் திறந்தது. பார் 70, பின் டீயிலிருந்தே சுமார் 6,500 கெஜம்தான். டீ அடையாளங்கள் மரத்தில் செதுக்கிய வாத்துகள். நடுத்தர டீக்களில் ஒன்று 5,700 கெஜத்தை ஒட்டி வரும், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நுழையும் சாலையின் இருபுறமும் நிற்கும் ஓக் மரங்களில் ஸ்பானிய பாசி தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலம் ஒரு காலத்தில் நெல் பண்ணை. தஞ்சைக்காரர்களுக்கு அந்தக் கரைகளும் மதகுகளும் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் ஓதத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்து நீர் பாய்ச்சி அந்த வயல்களை உருவாக்கியவர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள். மரத்தடியில் நிற்கும்போது அதையும் நினைத்துக்கொள்வது நல்லது. பதினெட்டாம் குழியில் இரண்டாம் அடி நீரைத் தாண்டி கிரீனில் விழ வேண்டும். கிரீனுக்குப் பின்னாலேயே கிளப்ஹவுஸ் திண்ணை, அங்கே ஆடி முடித்தவர்கள் நாற்காலி போட்டு அடுத்தவர்களின் பந்து எங்கே விழுகிறது என்று வேடிக்கை பார்ப்பார்கள். வீரம் காட்ட வேண்டாம். நீருக்கு முன்னால் நின்றுகொண்டு மூன்றாம் அடியில் தாண்டுங்கள், திண்ணைக்காரர்கள் ஏமாந்து போகட்டும்.

கலிடோனியாவில் மரங்களுக்கு நடுவே ஆட வேண்டும், பேர்ஃபுட்டைவிடக் குறுகல். அதனால்தான் அதை இரண்டாவது நாளுக்கு வைத்தேன். இடம் கிடைக்காவிட்டால் அருகிலேயே அதே ஸ்ட்ரான்ட்ஸ் அமைத்த ட்ரூ ப்ளூ இருக்கிறது. நீளம் அதிகம், ஃபேர்வே மிக அகலம், மணல் பரப்பு ஏராளம். பார்த்துப் பயப்பட வேண்டாம். பங்கராக, அதாவது மணல் தடையாக, கணக்கில் வராத மணல் பரப்பில் மட்டையைத் தரையில் ஊன்றலாம், ஒத்திகை வீச்சும் வீசிப் பார்க்கலாம். எந்தெந்த மணல் அப்படி என்று தொடங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஆடும் நேரத்தில் குடும்பம் என்ன செய்யும் என்று நீங்கள் கேட்கவில்லை, மனைவி கேட்பார். கலிடோனியாவிலிருந்து சற்று வடக்கே புரூக்கிரீன் தோட்டம் இருக்கிறது. 1930-களின் தொடக்கத்திலிருந்து இருக்கும் சிற்பத் தோட்டம், சின்ன விலங்குக் காட்சியகமும் உண்டு. சாலைக்கு எதிர்ப்புறம் ஹன்டிங்டன் கடற்கரைப் பூங்கா. உங்களைக் காலையில் இறக்கிவிட்டு அவர்கள் அங்கே போய்விடலாம். மதியம் எல்லோரும் மரல்ஸ் இன்லெட்டில் மீன் சாப்பாட்டுக்குக் கூடிக்கொள்ளுங்கள்.

முன்பதிவின்போது கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: “கிரீனில் எப்போது துளை போட்டீர்கள்?” இந்தக் கரையில் கிரீன்களில் பெரும்பாலும் இருப்பது பெர்முடா புல். அது வேகமாக வளரும் கோடையில்தான், மண்ணுக்குக் காற்றோட்டம் கிடைக்க கிரீன் முழுவதும் துளையிட்டு மணல் தூவுவார்கள். அடுத்த ஒன்றிரண்டு வாரங்களுக்குப் பந்து தத்தித் தத்தித்தான் உருளும். இதைச் சொல்லாமல் முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொள்ளும் இடங்களும் உண்டு, கேட்டால் மறைக்க மாட்டார்கள்.

அந்த பெர்முடா புல்லை எப்படி வாசிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். சார்லட்டில் உங்கள் மைதானத்தில் பென்ட் புல்லாக இருந்தால் இது புதிதாக இருக்கும். பெர்முடா ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் கூர்மையாக வெட்டியது போலவும், எதிர்ப்பக்கம் புல் நைந்து பழுப்பேறியும் இருக்கும். நைந்த பக்கத்தை நோக்கித்தான் புல் சாய்ந்திருக்கிறது. பந்து அந்தத் திசையில் போனால் வேகம் பிடிக்கும், எதிர்த்துப் போனால் சட்டென்று நின்றுவிடும். இரண்டு பட் மிச்சப்பட்டால் எனக்கு நன்றி சொல்லுங்கள்.

ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் தொடங்கும்படி நேரம் வாங்குங்கள். நீங்கள் மூவர் என்பதால் நான்காவதாக ஓர் அந்நியரைச் சேர்த்துவிடுவார்கள், வியக்க வேண்டாம். ஒரு குழியில் பாரின் இரு மடங்கை எட்டிவிட்டால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு நடங்கள், பின்னால் வருபவர்கள் வாழ்த்துவார்கள். மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால் அந்த அடியைக்கூட முடிக்காமல் உள்ளே வந்துவிடுங்கள். மழையில் ஆட்டம் நின்றுபோனால் மிச்சக் குழிகளுக்குச் சீட்டுத் தருவார்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குளத்தோரம் விழுந்த பந்தை எடுக்கக் குனியாதீர்கள். அங்கே முதலைகள் உண்டு, கரையில் அசையாமல் கிடப்பதைக் கட்டை என்று நினைத்துவிடுவீர்கள்.

மகள் கோல்ஃப் பழகுகிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. ஆர்வம் இருந்தால் மூன்றாவதாக ஒரு மாலை ஒன்பது குழிகள் மட்டும் அவளோடு ஆடுங்கள். கோடையில் பிற்பகலுக்குப் பிறகு, பணம் கட்டும் பெரியவரோடு வரும் பிள்ளைகளைக் கட்டணமின்றி ஆட விடும் மைதானங்கள் அங்கே பல இருக்கின்றன. இந்த ஒரு மாலையை மனைவி உங்கள் கணக்கில் எழுத மாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஆறு வயது மகனுக்கு நார்த் மிர்ட்டில் பீச்சில் ஹவாயன் ரம்பிள் என்ற மினி கோல்ஃப் இடம் இருக்கிறது. நடுவில் நாற்பது அடி எரிமலை, அவ்வப்போது சத்தத்தோடு நெருப்புக் கக்கும். மினி கோல்ஃபின் தொழில்முறைப் போட்டிகள் நடக்கும் இடமும் அதுதான், ஆகவே உங்கள் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். வெயில் சாய்ந்த பிறகு போவது நல்லது. எட்டு மணிக்கு மேல் வரிசை நீளும்.